கைபேசியில் இறுதிச் சொல் யாருடையது? ஐஃபோன், ஆண்ட்ராய்டு, கிராஃபீன்ஓஎஸ், லினியேஜ்: ஓர் ஒப்பீடு

2025 நவம்பர் இறுதியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. நாட்டில் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கைபேசிகளிலும் ‘சஞ்சார் சாத்தி’ என்ற அரசுச் செயலி 90 நாட்களுக்குள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடும் எதிர்ப்பு எழுந்ததால் டிசம்பர் 3 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செயலி பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். தொலைந்த கைபேசியை முடக்குவதற்கும், தன் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் இருக்கின்றன என்று அறிவதற்கும் அது உதவுகிறது. எனக்கு உறுத்தியது வேறு. உத்தரவு கைபேசியை வாங்குகிறவர்களை நோக்கிப் பிறப்பிக்கப்படவில்லை; தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போனது. ஒரு செயலியை நுழைக்கவும், அதை நீக்க முடியாதபடி செய்யவும் வல்லமை உள்ளவர்கள் யார் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்குகிற நமக்குத்தான் அது அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஆகவே புதிய கைபேசி வாங்க இருப்பவர்களுக்காக எழுதும் இந்த ஒப்பீட்டில் கேமராவும் திரையும் வரப்போவதில்லை. எந்தச் செயலி இதில் இருக்கலாம், எது இருக்கக் கூடாது, எந்தத் தகவல் வெளியே போகலாம் என்பவற்றில் இறுதிச் சொல் யாருடையது என்பதே நான் ஒவ்வொரு கருவியிடமும் கேட்கும் முதல் கேள்வி. பாதுகாப்பு இரண்டாவது கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதில் நிறுவனங்களுக்கு ஆதாயம் இருக்கிறது. மிகவும் பாதுகாப்பான கருவி ஒன்று தன் உரிமையாளரின் பேச்சைக் கேட்காததாக இருக்க முடியும்; உரிமையாளர் சொன்னதையெல்லாம் கேட்கிற கருவி ஒன்று திருடனின் பேச்சையும் கேட்கக்கூடும்.

தொடங்குமுன் ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். கீழே பேசப்படும் எந்த இயங்குதளமும் கைபேசிக் கோபுரத்திடமிருந்து உங்களை மறைக்காது. சிம் அட்டை அடையாளச் சான்றுடன் வாங்கப்படுகிறது. கருவியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் வலையமைப்புக்குத் தெரிகிறது. கோபுரங்களோடு பேசும் பேஸ்பேண்ட் சில்லின் மென்பொருள், எந்தக் கைபேசியானாலும், நம்மால் பார்க்க முடியாத மூடிய மென்பொருள்தான். நீங்கள் யாரை எப்போது அழைத்தீர்கள், அப்போது எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தீர்கள் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஏட்டில் பதிவாகும். இயங்குதளத்தை மாற்றினால் கண்காணிப்பிலிருந்து முழுமையாக விடுபடலாம் என்று யாரேனும் சொன்னால் அவரிடம் கைபேசி வாங்காதீர்கள்.

முதலில் ஐஃபோனை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தனியுரிமை என்ற சொல்லை விளம்பரப் பலகைகளில் ஏற்றியவர்கள் ஆப்பிள் நிறுவனத்தார். அந்த விளம்பரம் வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 2016-ல் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டு வழக்கில், பூட்டிய ஐஃபோனைத் திறப்பதற்கென்று தனி மென்பொருள் எழுதித் தரச் சொன்ன அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு அந்த நிறுவனம் இணங்க மறுத்தது. 2021 ஏப்ரலில் வந்த, ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14.5 முதல், மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடர விரும்பும் செயலி முதலில் நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும். 2022-ல் அறிமுகமான ‘லாக்டவுன் மோட்’, உளவு மென்பொருள்கள் நுழையும் வாசல்கள் பலவற்றை அடைத்துவிடுகிறது. 2025-ல் வந்த ஐஃபோன் 17 வரிசையில் நினைவகப் பிழைகளைப் பயன்படுத்தித் தாக்குவதைத் தடுக்கும் ஏற்பாடு வன்பொருளிலேயே எப்போதும் இயங்குகிறது. 2023 அக்டோபர் இறுதியில், அரசு ஆதரவு பெற்ற தாக்குதலுக்கு நீங்கள் இலக்காகியிருக்கலாம் என்ற எச்சரிக்கை இந்திய எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலருக்கும் பத்திரிகையாளர்களுக்கும் வந்ததே, அதை அனுப்பியதும் ஆப்பிள்தான். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள்கள் ஐஃபோனுக்குள்ளும் நுழைந்திருக்கின்றன என்பதை மறக்காமலேயே இந்தப் பாராட்டைச் சொல்கிறேன்.

ஆனால் முதல் கேள்விக்கு ஐஃபோன் தரும் பதில் தெளிவானது: இறுதிச் சொல் ஆப்பிளுடையது. ஆப் ஸ்டோர் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் செயலிகள் உள்ளே வர முடியும். டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கட்டாயத்தால் 2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு கடைகளுக்கு வழி திறந்தது. இந்தியாவில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. நல்ல காவலாளி இருக்கிற வாடகை வீடு போன்றது இது: திருடன் வருவது கடினம், ஆனால் வாசல் சாவி காவலாளியிடம் இருக்கிறது, அவருக்கு உத்தரவிட வல்லவர்கள் வெளியே இருக்கிறார்கள். 2017-ல் சீன அரசின் விதிகளைக் காரணம் காட்டி இணையத் தடைகளைத் தாண்ட உதவும் விபிஎன் செயலிகளை அந்நாட்டு ஆப் ஸ்டோரிலிருந்து ஆப்பிள் நீக்கியது. 2019 அக்டோபரில் ஹாங்காங் போராட்டத்தின்போது காவலர்களின் நடமாட்டத்தை வரைபடத்தில் காட்டிய செயலியையும் நீக்கியது. நீக்கப்பட்டபின் அந்தச் செயலியை வேறு வழியில் நிறுவிக்கொள்ளச் சாதாரண ஐஃபோன்காரருக்கு எந்த வழியும் இருக்கவில்லை. ஒரே வாசல் என்ற ஏற்பாட்டின் விலை, அப்படி ஒரு நாள் வரும்போதுதான் கண்ணில் படும்.

மேகக்கணினிக் காப்புநகல் குறித்தும் ஒரு சொல். ஐகிளவுடில் சேமிக்கப்படுபவற்றில் பெரும்பகுதியைத் தானே படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன்’ வசதியை 2022 டிசம்பரில் ஆப்பிள் கொண்டுவந்தது. நாமே போய் இயக்கினால்தான் அது செயல்படும்; இயக்காதவரின் கைபேசிக் காப்புநகலைத் திறக்கும் சாவி ஆப்பிளிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில், பிரிட்டன் அரசின் நெருக்குதலுக்குப் பிறகு, அந்நாட்டில் புதிதாக யாரும் அதை இயக்க முடியாதபடி நிறுவனம் எடுத்துவிட்டது. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரை சொல்வதில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒரு வசதியை இயக்கிவிட்டு, மீட்புச் சாவியைக் காகிதத்தில் எளிதில் அழியாத மையால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கடைகளில் கிடைக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டு, நிரலை யாரும் படித்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள் என்று சொல்லப்படுவது பாதி உண்மை. அடித்தளம் திறந்த மூலம். அதன் மேல் அமர்ந்து அறிவிப்புகள், இருப்பிடம், கணக்குகள், செயலிக் கட்டணங்கள் ஆகியவற்றைக் கையாளும் கூகுள் பிளே சேவைகள் என்ற பகுதி மூடிய மென்பொருள். மற்ற செயலிகளுக்கு இல்லாத சலுகைகள் அதற்கு உண்டு. அதற்கான அனுமதிகளை நாம் முழுமையாக மறுத்துவிட முடியாது. இந்த ஏற்பாட்டின் சந்தை முகத்தைத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் தொட்டது: தயாரிப்பாளர்கள் தன் செயலித் தொகுப்பை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுக்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தகவல் முகம் வேறு. இருப்பிட வரலாற்றை அணைத்த பின்னும் வேறொரு அமைப்பின் வழியாக இருப்பிடம் சேமிக்கப்பட்டது 2018-ல் அம்பலமாகி, 2022 நவம்பரில் அமெரிக்க மாநிலங்கள் 40-உடன் 39.15 கோடி டாலருக்கு அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. விலை குறைந்த கைபேசிகளில் கூகுளுக்கு மேலே தயாரிப்பாளர் திணிக்கும் செயலிகளும், பூட்டுத்திரையிலேயே வந்து நிற்கும் விளம்பரங்களும் சேர்கின்றன. பத்தாயிரம் ரூபாய்க்குக் கைபேசி வாங்குகிறவர் மீதித் தொகையைத் தன் கவனத்தால் செலுத்துகிறார் என்பேன்.

இருந்தும், ஆண்ட்ராய்டை நான் நீண்ட காலம் ஐஃபோனுக்கு மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பு ஒன்றை எங்கிருந்தும் எடுத்து நிறுவிக்கொள்ளும் உரிமை அதில் இருந்தது. கட்டற்ற மென்பொருள்களை மட்டுமே வைத்திருக்கும் எஃப்-ட்ராய்டு என்ற களஞ்சியம் 2010 முதல் இயங்கி வருகிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், விளம்பரம் கிடையாது. ஒரு செயலியைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கினாலும் அதை எழுதியவர் தன் தளத்திலேயே வைத்துத் தர முடியும். ஹாங்காங்கில் நடந்தது ஆண்ட்ராய்டில் நடந்தாலும் முற்றுப்புள்ளியாக இருக்காது என்பதே இதன் பொருள்.

அந்த உரிமை இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டை இப்போது எழுத வைத்த செய்தி. கூகுளின் சான்று பெற்ற கைபேசிகளில், கடைக்கு வெளியிலிருந்து நிறுவப்படும் செயலியானாலும் அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்து சரிபார்த்திருக்க வேண்டும் என்ற திட்டத்தை 2025 ஆகஸ்டில் அந்த நிறுவனம் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு விரிவடையும் என்பது அப்போது சொல்லப்பட்ட கால வரிசை. எஃப்-ட்ராய்டு உள்ளிட்ட பலர் எதிர்த்த பிறகு, அனுபவமுள்ள பயனர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டிச் சென்று நிறுவிக்கொள்ள ஒரு வழி இருக்கும் என்று நவம்பரில் கூகுள் கூறியது. போலிச் செயலிகளால் மக்கள் பணத்தை இழப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறது நிறுவனம். வாட்ஸ்அப்பில் வரும் திருமண அழைப்பிதழ் ஏபிகேயைத் தொட்டு வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால் அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆயினும் மோசடிக்காரன் திருடிய அடையாளத்தில் பதிந்துகொள்வான். ஓய்வு நேரத்தில் ஒரு திருக்குறள் செயலியை எழுதிப் பெயர் போடாமல் பகிர்கிற மாணவரே உண்மையான அடையாளத்தோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மேலும், அனுமதி வழங்கும் பதிவேடு ஒன்று இருக்குமானால், அதிலிருந்து யார் பெயரை நீக்க வேண்டும் என்று சொல்ல ஒவ்வோர் அரசுக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. சஞ்சார் சாத்தி உத்தரவு போன அதே முகவரி.

வாங்கிய பிறகும் இறுதிச் சொல் தயாரிப்பாளரிடமே இருக்கிறது என்பதற்கு 2025 ஜூலையில் நல்ல சான்று கிடைத்தது. பிக்சல் 6ஏ கைபேசிகளில் மின்கலம் அதிகம் சூடாகும் ஆபத்தைக் குறைக்க, 400 மின்னேற்றச் சுழற்சிகளைக் கடந்த கருவிகளில் மின்கலத்தின் கொள்ளளவைக் குறைக்கும் கட்டாயப் புதுப்பிப்பைக் கூகுள் அனுப்பியது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது, இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. நான் குறை சொல்லவில்லை. நம் பையில் இருக்கும் பொருளின் தன்மையை வேறொருவர் தொலைவிலிருந்து மாற்ற முடியும் என்ற உண்மையை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது தேர்வுதான் நான் அதிகம் பேச விரும்புவது. கிராஃபீன்ஓஎஸ் என்பது ஆண்ட்ராய்டின் திறந்த மூல அடித்தளத்தை எடுத்து, அதன் பாதுகாப்பை மேலும் இறுக்கி, கூகுளின் சலுகைகளை அகற்றி உருவாக்கப்பட்ட இயங்குதளம். டேனியல் மிகே 2014-ல் தொடங்கிய பணியின் தொடர்ச்சியான இது, 2019 முதல் இந்தப் பெயரில் நன்கொடைகளைக் கொண்டு நடக்கிறது. இன்று வரை கூகுளின் சொந்தப் பிக்சல் கைபேசிகளில்தான் இதை நிறுவிப் பயன்படுத்தி வருகிறார்கள். கூகுளிடமிருந்து விலகுவதற்குக் கூகுளின் கைபேசியை வாங்க வேண்டும் என்று கேட்டதும் சிரிப்பு வருவது இயல்பே. காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது: கைபேசி உயிர்பெறும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற பகுதியைத் திறந்து வேறு இயங்குதளத்தை நிறுவிய பிறகு, அந்த இயங்குதளத்தின் சாவியைக் கொண்டே மீண்டும் பூட்டிவிட முறையாக இடம் தரும் கருவிகள் மிகச் சில. அப்படிப் பூட்டினால், ஒவ்வொரு முறை கைபேசி உயிர்பெறும்போதும் மென்பொருளில் யாரும் கைவைக்கவில்லை என்பது வன்பொருளாலேயே சரிபார்க்கப்படும். பிக்சல்களில் கடவுச்சொல் ஊகங்களைத் தடுக்கும் டைட்டன் எம்2 சில்லு இருக்கிறது. பிக்சல் 8 முதல், நினைவகப் பிழைத் தாக்குதல்களைத் தடுக்க உதவும் நினைவகக் குறியிடல் வசதியும் உண்டு. இவையெல்லாம் ஒருசேர இருக்கும் வேறு கருவியை வாங்குவது எளிதாக இருந்ததில்லை.

இதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் முதலில் புலப்படுவது, எந்தச் செயலிக்கும் இணையத்தை மறுக்கலாம் என்பது. சாதாரண ஆண்ட்ராய்டில் இணைய அணுகல் எல்லாச் செயலிகளுக்கும் கேட்காமலே கிடைக்கிறது. டார்ச் செயலிக்கு எதற்கு இணையம் என்று கேட்க அங்கே பொத்தான் இல்லை. இங்கே நிறுவும்போதே கேட்கிறது. உணரிகளை மறுக்கலாம், தொடர்புகள் முழுவதையும் கேட்கும் செயலிக்கு இரண்டு பெயர்களை மட்டும் காட்டலாம், அந்தச் செயலி தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். வற்புறுத்தும் நிலையில் ஒரு மாற்றுக் கடவெண்ணைத் தந்தால் கைபேசியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். 18 மணி நேரம் திறக்கப்படாமல் இருந்தால் தானாக மறுதொடக்கமாகி, மறையாக்கச் சாவிகளை நினைவகத்திலிருந்து நீக்கிவிடும். ஐஃபோனிலும் இதுபோன்ற வசதி இப்போது உண்டு, ஆனால் அங்கே மூன்று நாள் ஆகிறது. கூகுள் பிளே சேவைகள் வேண்டுமென்றால் நிறுவிக்கொள்ளலாம். மற்ற எந்தச் செயலியையும் போல அனுமதி கேட்டுக்கொண்டு, அடைப்புக்குள்ளேயே அது ஓடும். பறிக்கப்பட்ட சலுகை அதுதான், முதல் கேள்விக்கான விடையை மாற்றுவதும் அதுதான்.

தமிழில் நிறையத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் கூடுதல் பயன் இருக்கிறது. நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகைச் செயலியின் வழியே போகிறது. ஆகவே கடவுச்சொல்லையும் காதல் கடிதத்தையும் ஒருசேர அறிந்த செயலி அது ஒன்றே. ஐஃபோனில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டும் இயங்குதளத்தோடே வருகின்றன என்பது ஒரு நிறை. ஆண்ட்ராய்டில் பெரும்பாலோர் கூகுளின் ஜிபோர்டைப் பயன்படுத்துகிறார்கள். கிராஃபீனில் அதே ஜிபோர்டை நிறுவி, தமிழ்த் தொகுப்பு இறங்கியதும் இணையத்தை மறுத்துவிடலாம். பிளே சேவைகளும் அதே பயனர் பகுதியில் இருந்தால் ஒரே நிறுவனத்தின் இரண்டு செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், கண்டிப்பானவர்கள் திறந்த மூல விசைப்பலகை ஒன்றுக்கு மாறிவிடுவது சரி.

இனி வலிக்கும் இடத்துக்கு வருவோம்: வங்கிச் செயலிகள். கைபேசி ‘நம்பத்தக்கதா’ என்று ஒரு செயலி கூகுளிடம் கேட்டறிய பிளே இன்டெக்ரிட்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. கூகுளின் சான்று பெறாத இயங்குதளம் எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் அதன் மேல்நிலைத் தேர்வுகளில் தேறாது. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பே பெறாத பழைய மலிவுக் கைபேசி நடுநிலைத் தேர்வில் தேறிவிடும். இந்த மாதத்துப் புதுப்பிப்போடு பூட்டப்பட்ட கிராஃபீன் தேறாது. பாதுகாப்புக்காகவே இந்தத் தேர்வு என்றால் இந்த விளைவு எப்படி வரும்? வன்பொருள் வழியாகவே இயங்குதளத்தின் மெய்மையைச் சரிபார்க்கும் முறை ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. கிராஃபீனின் சாவிகளை ஏற்றுக்கொள்ள வங்கிகள் விரும்பினால் ஏற்கலாம். பெரும்பாலான வங்கிகளுக்கு அதில் அக்கறை இல்லை. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒன்றின் செயலி, சாதாரண ஆண்ட்ராய்டிலேயே, செயலி எழுதுவோருக்கான உருவாக்குநர் அமைப்புகள் இயக்கத்தில் இருந்தால் திறக்க மறுக்கிறது. அதை அணைத்துவிட்டால் கும்பிட்டு வரவேற்கிறது. என் பணத்துக்கு இதனால் என்ன காவல் கூடியது என்று கிளையில் கேட்டபோது, அது தலைமை அலுவலகத்தின் முடிவு என்றார்கள்.

இந்தியாவில் இது சிறிய சிக்கல் இல்லை. காய்கறிக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் யுபிஐ புழங்குகிற நாட்டில், அது ஓடாத கைபேசியைப் பலரால் கையாள முடியாது. எந்தச் செயலி கிராஃபீனில் ஓடும், எது ஓடாது என்பது செயலிக்குச் செயலி, பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. இன்று ஓடுவது அடுத்த புதுப்பிப்பில் நிற்கலாம். ஆகவே வாங்குமுன் உங்கள் வங்கியின் செயலியைப் பற்றி மட்டும் குறிப்பாக விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடாதென்றால், வங்கியோடு இணைத்த சிம்மை மலிவான சாதாரணக் கைபேசி ஒன்றில் போட்டு, அதில் வங்கிச் செயலியைத் தவிர வேறெதையும் வைக்காமல் இருப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. யுபிஐ பதிவு, சிம் இருக்கும் கருவியோடு கட்டப்பட்டது என்பதால் இரண்டையும் பிரித்து வைக்க முடியாது. சட்டைப்பையில் இரண்டு கைபேசிகள் என்பது எரிச்சலூட்டும். எனினும் பணமும் தனிப்பேச்சும் வெவ்வேறு கருவிகளில் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, ஒன்றைத் திருடன் பறித்தால் மற்றது மிஞ்சுகிறது.

கிராஃபீனின் இன்னொரு பலவீனம் அதன் அடித்தளம் பிறர் நிலத்தில் இருப்பது. 2025 மார்ச்சில் ஆண்ட்ராய்டின் உருவாக்கப் பணி முழுவதையும் கூகுள் தன் உள்ளறைக்குள் கொண்டுபோனது. ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வந்தபோது, பிக்சல்களுக்கே உரிய மூலநிரல் பகுதிகளை வெளியிடுவதையும் நிறுத்தியது. சிறிய குழுவினர் அந்தச் சுமையைத் தாங்கி இதுவரை புதுப்பிப்புகளைத் தந்துகொண்டிருக்கிறார்கள். எவ்வளவு காலம் என்பது கூகுளின் மனநிலையையும் பொறுத்தது. சமூகப் பார்வையும் ஒரு சிக்கலே: 2025-ல் ஸ்பெயினின் கட்டலோனியாவில், பிக்சல் கைபேசியைப் பார்த்தாலே போதைப்பொருள் கடத்துபவரோ என்று காவலர்கள் ஐயுறுவதாகச் செய்தி வந்தது. கதவைத் தாழிடுகிறவரெல்லாம் குற்றவாளி என்ற எண்ணம் நம் ஊரிலும் செல்வாக்கு உள்ளதுதான்.

நான்காவது, பழைய கைபேசிக்கு லினியேஜ்ஓஎஸ். சயனோஜென்மாட் என்ற முந்தைய மாற்று இயங்குதளம் நின்றுபோன 2016 டிசம்பரில் அதன் வாரிசாகப் பிறந்த இது, ஏராளமான கருவிகளில் ஓடுகிறது. 2018-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த போகோ எஃப்1 தயாரிப்பாளரின் கையால் ஆண்ட்ராய்டு 10-ஐத் தாண்டவில்லை. லினியேஜின் தன்னார்வலர்கள் அதற்குப் புதிய பதிப்புகளைத் தந்தார்கள். குப்பைக்குப் போக வேண்டிய கருவி மேலும் சில ஆண்டுகள் உழைக்கிறது, கூகுள் இல்லாமலும் ஓடுகிறது, செலவு ஏதுமில்லை. ஆனால் இதில் பூட்லோடர் பொதுவாகத் திறந்தே இருக்கும். சில்லுகளின் உள்மென்பொருளைத் தயாரிப்பாளர் கைவிட்ட பிறகு வேறு யாரும் புதுப்பிக்க முடியாது. விளம்பர நிறுவனங்களுக்கு எதிராக நல்ல கருவி. கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காரும் ஒருவருக்கு எதிராகப் பலவீனமான கருவி. பூட்லோடரைத் திறக்கவே விடாத போக்கும் வளர்கிறது: சாம்சங் தன் ஆண்ட்ராய்டு வடிவமான ஒன் யுஐயின் 8-ஆம் பதிப்பில் அந்த வழியை எடுத்துவிட்டது, சியோமி அதைக் கடினமாக்கியிருக்கிறது. இந்த வகைக் கைபேசியை நான் வீட்டில் பாட்டு கேட்கவும் மின்னூல் படிக்கவும் பரிந்துரைப்பேன். போராட்டக் களத்துக்கு எடுத்துச் செல்லப் பரிந்துரைக்க மாட்டேன்.

கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தையே கொண்ட கைபேசிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், மனத்துக்கு நெருக்கமானவை என்றாலும். பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரம் 5 கருவியில் மைக்கையும் கேமராவையும், வைஃபையையும், கைபேசி வலையமைப்பையும் மின்சாரத்தையே துண்டித்து அணைக்க மூன்று தனி விசைகள் உண்டு. மென்பொருளை நம்பத் தேவையில்லாத அந்த எளிமையைப் பெரிய நிறுவனங்கள் இன்றும் தரவில்லை. பைன்64-இன் பைன்ஃபோன் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நல்ல பொம்மை. இரண்டிலும் இறுதிச் சொல் முழுக்க உரிமையாளருடையதே. அன்றாட அழைப்பு, மின்கலம், வங்கி எல்லாவற்றிலும் தடுமாறுபவை. செயலிகளை ஒன்றிலிருந்து ஒன்று தனிமைப்படுத்தும் பாதுகாப்பிலும் ஆண்ட்ராய்டுக்குப் பின்தங்கியவை.

எல்லாவற்றையும் விட்டுப் பொத்தான் கைபேசிக்குப் போகிறேன் என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். விளம்பர நிறுவனங்கள் அதில் தொல்லை தராது என்பது சரி. ஆனால் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியே படிக்கத்தக்க வடிவில் போகின்றன. சிக்னல் போன்ற மறையாக்கச் செயலி அதில் ஓடாது. கவனச் சிதறலுக்கு மருந்து அது, கண்காணிப்புக்கு மருந்தாக எண்ணி வாங்க வேண்டாம்.

என் தீர்ப்பு இது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அருகில் செலவிட முடிந்து, அமைத்துக்கொள்ள ஒரு மாலைப் பொழுதும் விருப்பமும் இருப்பவர் பிக்சல் 8ஏ அல்லது 9ஏ வாங்கிக் கிராஃபீனை நிறுவட்டும். இரண்டுக்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு உறுதி உண்டு, நிறுவுவதும் உலாவியிலிருந்தே நடந்துவிடுகிறது. பத்திரிகையாளர், வழக்குரைஞர், செயற்பாட்டாளர் என இலக்காகும் வாய்ப்புள்ளவராக இருந்து, தொழில்நுட்பத்தில் நேரம் செலவிட முடியாதவராக இருந்தால் புதிய ஐஃபோனை வாங்கி, லாக்டவுன் மோடையும் காப்புநகல் மறையாக்கத்தையும் இயக்கிவிட்டு, ஆப்பிள் தீர்மானிக்கும் எல்லைக்குள் வாழச் சம்மதிக்க வேண்டும். வயதான பெற்றோருக்கும் அதையே சொல்வேன். அவர்களுக்கு வரும் ஆபத்து மோசடி அழைப்புகளிலிருந்தும் போலிச் செயலிகளிலிருந்தும் வருகிறது, அங்கே ஒரே வாசல் உதவுகிறது. இருபதாயிரத்துக்குள்தான் முடியும் என்பவர் சாதாரண ஆண்ட்ராய்டையே வாங்கி, தேவையற்ற செயலிகளை நீக்கி, விளம்பர அடையாள எண்ணை அழித்து, உலாவியை ஃபயர்ஃபாக்ஸாக மாற்றி, இயன்றவற்றை எஃப்-ட்ராய்டிலிருந்து எடுத்துக்கொண்டால் பாதித் தூரம் வந்தவராவார். கைபேசிக்காக வட்டிக்குக் கடன் வாங்கித்தான் சுதந்திரத்தைப் பெற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய பிக்சலைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் அமெரிக்காவிலிருந்து வந்த பிக்சல்கள் நல்ல விலையில் கிடைக்கின்றன. அவற்றில் வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக விற்கப்பட்டவற்றின் பூட்லோடரைத் திறக்க முடியாது. வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. பணத்தைக் கொடுக்குமுன் கைபேசியை இணையத்தோடு இணைத்து, அமைப்புகளில் ‘கைபேசியைப் பற்றி’ என்ற பக்கத்தில் உருவாக்க எண்ணை ஏழு முறை தட்டி, உருவாக்குநர் அமைப்புகளைத் திறந்து, ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்ற பொத்தானைத் தள்ளிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றால் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.